ஸ்பேனரைக் கீழே வைத்த பிறகு

காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27 அன்று ஹைதர் அலியின் படையோடு நடந்த சண்டையில் இறந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவாக எழுப்பியவை. ஊரின் பெயர் போர் வரலாற்றில் ஏறியதோ அதற்கு ஓராண்டு முன்னால். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் வில்லியம் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதரும் திப்புவும் இங்கே சுற்றி வளைத்தார்கள். ராக்கெட்டுகள் சீறிக்கொண்டு வந்து விழுந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே செத்தார். உதவிக்கு வரவேண்டிய ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தபடியே காலம் கடத்திவிட்டு, தோல்விச் செய்தி கேட்டதும் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் நடையைக் கட்டினார். 

அந்த ராக்கெட்டுகளைப் பற்றிய பிற்காலக் கதை ஒன்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 1960களின் தொடக்கத்தில் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் போன ஏ.பி.ஜே. அப்துல் கலாம், அங்கே சுவரில் திப்புவின் படை ராக்கெட் விடும் ஓவியத்தைப் பார்த்தார். ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அதைப் பெருமையோடு எழுதியிருக்கிறார். மேடைதோறும் பேச்சாளர்கள் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்கள். அதே நூலில் இருக்கும் இன்னொரு செய்திக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த கலாம் அடுத்துப் போய் நின்ற இடம் பெங்களூரு ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையின் இன்ஜின் ஓவராலிங் பிரிவு. பிஸ்டன் இன்ஜின், டர்பைன் இன்ஜின் இரண்டையும் பிரித்து, தேய்மானம் அளந்து, மறுபடி பூட்டுகிற வேலை. கையெல்லாம் கிரீஸ்.

இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வேலை முடிந்து, ஸ்பேனரைக் கீழே வைத்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றியது. விமானத்தின் வரலாற்றில் அந்த ஒரு மணி நேரம் பல உயிர்களை வாங்கியிருக்கிறது.

புள்ளலூர்ப் பக்கம் டீசல் பம்ப்செட் வைத்துப் பயிர் செய்த எந்த விவசாயிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஹெட்டைக் கழற்றி, வால்வு கிரைண்டிங் செய்து, ரிங் மாற்றிப் பூட்டிய ஆயில் இன்ஜினை மெக்கானிக் உடனே தண்ணீர் இறைக்க விடமாட்டார். ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பி, லோடு இல்லாமல் ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்பார். கேஸ்கெட் ஓரம் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். சத்தம் மாறினால் நிறுத்திவிட்டுத் திரும்பவும் பிரிப்பார். கிணற்றடியில் இன்ஜின் நின்றுபோனால் போவது அரை நாள் தண்ணீர். விமானத்திலும் தரையில் வைத்து இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் முழு விசையோடு தரையை விட்டு எழும்புகிற அந்த அரை நிமிடத்தைத் தரையில் வைத்துப் பார்க்க வழியில்லை. ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

ஏறிப் பார்த்தவர்களில் முதலில் செத்தவர் ஓர் அமெரிக்க ராணுவ லெப்டினன்ட்.

1908 செப்டம்பர் 17. வர்ஜீனியாவின் ஃபோர்ட் மையர் மைதானம். ராணுவத்துக்கு விமானம் விற்பதற்காக ஆர்வில் ரைட் பறந்து காட்டிக்கொண்டிருந்தார். அன்றைய பறப்புக்கு முன்னால் பழைய புரொப்பல்லர்களைக் கழற்றிவிட்டு, நீளம் கூடிய புதிய ஜோடி ஒன்றை மாட்டியிருந்தார்கள். பயணியாக ஏறியவர் தாமஸ் செல்ஃபிரிட்ஜ், வயது 26. சில சுற்று நன்றாகவே போயிற்று. நூறடிக்குச் சற்று மேலே பறக்கும்போது ஒரு புரொப்பல்லர் இதழ் விரிசல்விட்டது. அதிர்வு கூடி, சுக்கானைப் பிடித்திருந்த கம்பியில் அடித்து அதைப் பிய்த்தெறிந்தது. விமானம் தலைகுப்புற விழுந்தது. ஆர்வில் பிழைத்தார், எலும்புகள் முறிந்தன. செல்ஃபிரிட்ஜ் அன்று இரவே இறந்தார். இன்ஜின் பூட்டிய விமானத்தில் இறந்த முதல் மனிதர் அவர். உலகத்தின் முதல் விமான விபத்து மரணமே, ஒரு பாகத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டிய பிறகு நேர்ந்தது என்பது தற்செயல்தான். ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளில் இதே வரிசை திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது தற்செயல் என்ற சொல் கொஞ்சம் உறுத்தும்.

ரைட் சகோதரர்களைப் பற்றிப் பேசும் இடத்தில் சார்லி டெய்லரைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலைபார்த்த மெக்கானிக். 1903இல் பறந்த முதல் விமானத்தின் 12 குதிரைத்திறன் இன்ஜினை ஒரு லேத்தும் துளைபோடும் இயந்திரமும் வைத்துக்கொண்டு ஆறே வாரத்தில் செய்து கொடுத்தவர். விமானம் இருந்த முதல் நாளிலிருந்தே விமான மெக்கானிக்கும் இருக்கிறார். புகைப்படத்தில்தான் அவர் இல்லை.

சென்னையின் கதை, செல்ஃபிரிட்ஜ் இறந்து இரண்டே ஆண்டு தள்ளித் தொடங்குகிறது. மவுன்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி’ஏஞ்சலிஸ் கார்சிகா தீவுக்காரர். 1909இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த சேதி அவரை ஆட்டிப்படைத்தது. தானே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டு, குதிரை வண்டிகளுக்கும் மோட்டார் கார்களுக்கும் கூடு கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்தார். 1910 மார்ச் மாதம் அந்த விமானம் தீவுத்திடலில் கட்டணம் கொடுத்து வந்த கூட்டத்தின் முன்னால் பறந்தது. நகரத்து வண்டிப் பட்டறையில் உருவான விமானம் அது. தச்சரும் கொல்லரும் மோட்டார் மெக்கானிக்கும் சேர்ந்து செய்தது.

இந்தக் கதையில் எல்லோரும் தாண்டிப்போகும் சின்ன விவரம் ஒன்று உண்டு. தீவுத்திடலுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் டி’ஏஞ்சலிஸ் அதைப் பல்லாவரத்தில் வைத்துத்தான் பறந்து பார்த்தார். அன்றைக்குப் பல்லாவரம் நகரத்துக்கு வெளியே கிடந்த பொட்டல். விழுந்தால் விழுபவனோடு போகும். ஓட்டல்காரருக்கு இருந்த இந்தப் புத்தி பின்னால் வந்த பலருக்கு இல்லாமல் போனது.

1930ஐ ஒட்டி மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் வந்ததும் மீனம்பாக்கம் சூடுபிடித்தது. கிளப்புகளில் அந்தக் காலத்து வண்டி டி ஹாவிலாண்ட் மாத். மரச் சட்டத்தில் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம், நான்கு சிலிண்டர் ஜிப்ஸி இன்ஜின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அந்த இரண்டு வரிசைக்கும் பொறி தரத் தனித்தனி மேக்னெட்டோ. ஒன்று செத்தாலும் இன்னொன்று ஓட்டும். மெக்கானிக் முன்னால் நின்று கையால் புரொப்பல்லரைச் சுழற்றிவிடுவார். ‘கான்டாக்ட்’ என்று குரல் கொடுத்தால்தான் பைலட் சுவிட்சைப் போட வேண்டும். முந்திப் போட்டால் மெக்கானிக்கின் கை போகும்.

ஓட ஆரம்பித்ததும் பைலட் ஒரு மேக்னெட்டோவை அணைத்துப் பார்ப்பார். இன்ஜின் சுற்று கொஞ்சம் குறைய வேண்டும். பிறகு மற்றதை. குறையவே இல்லையென்றாலும் சந்தேகம், அதிகம் குறைந்தாலும் சந்தேகம். பிளக் வயரை மாற்றிச் செருகியிருந்தால் பெரும்பாலும் இந்த இடத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இன்றைக்கும் பயிற்சிப் பள்ளிகளின் பிஸ்டன் விமானங்களில் ஒவ்வொரு பறப்புக்கு முன்னாலும் இதே சோதனை நடக்கிறது. 90 ஆண்டுகளில் மாறாத சடங்கு.

பிளக் என்றதும் ஒரு சம்பவம். 1930இல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்திருந்தார். ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து லண்டன் நோக்கியும், 17 வயது ஆஸ்பி இன்ஜினியர் லண்டனிலிருந்து கராச்சி நோக்கியும் பறந்தார்கள். எகிப்தின் அபூகிர் தளத்தில் டாடா இறங்கியபோது ஆஸ்பி அங்கே நல்ல ஸ்பார்க் பிளக் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிறார். போட்டியாளரென்றும் பாராமல் டாடா தன் கையிருப்பிலிருந்து கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனவர் அவர். டாடாவின் பெருந்தன்மைக்கு உதாரணமாகவே இதைச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து பைலட் எவ்வளவு தூரம் மெக்கானிக்காகவும் இருந்தார் என்பதற்கும் இதுவே உதாரணம். பாலைவனத்தில் பிளக்கைக் கழற்றி மாட்டியவர் அடுத்த நிமிடம் அதே இன்ஜினை நம்பி மத்தியதரைக் கடலோரம் பறந்தார். அதே ஆண்டு லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த ஏமி ஜான்சன், பைலட் லைசன்ஸோடு கிரவுண்ட் இன்ஜினியர் லைசன்ஸும் வாங்கியவர். இறங்கிய இடங்களில் அவரே இன்ஜினைப் பார்த்துக்கொண்டார்.

பழுது பார்த்தவரும் பறப்பவரும் ஒருவராக இருந்தவரை ஒரு கணக்கு நேராக இருந்தது. தப்பு யாருடையதோ சாவும் அவருடையது. இருவரும் வேறு வேறு ஆனபோதுதான் ‘நீ சரிசெய்தாயா, நீயும் ஏறு’ என்ற வழக்கம் ஹேங்கர்களில் பிறந்தது. பெரிய வேலை முடிந்த விமானத்தின் முதல் பறப்பில் மெக்கானிக்கோ இன்ஜினியரோ கூடவே போவார். மானிகளைப் படித்துக் குறித்துக்கொள்ள ஒரு ஆள் தேவை என்பது காகிதக் காரணம். பைலட்டின் மனசுக்குத் தெம்பு என்பது சொல்லாத காரணம்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் காஞ்சிபுரத்தைச் சுற்றி விமானத் தளங்கள் முளைத்தன. தாம்பரம், அரக்கோணம், பரங்கிமலை, சோழவரம். சோழவரம் ஓடுதளம் பிறகு கார் ரேஸ் மைதானமானது. அரக்கோணத்தில் இப்போது கடற்படையின் ராஜாளி விமானத் தளம். 1944இல் பரங்கிமலைக்கு வந்து சேர்ந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 200ஆம் ஸ்குவாட்ரன், லிபரேட்டர் விமானங்களை வைத்துக்கொண்டு வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிக் கப்பல் தேடியது. லிபரேட்டருக்கு நான்கு இன்ஜின், இன்ஜினுக்கு 14 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒரு விமானத்துக்கு 112 பிளக். அதைப் பார்த்துப் பார்த்துக் கழற்றி மாட்டிய கைகளில் எத்தனை உள்ளூர்க் கைகளோ.

இதே காலத்தில் இங்கிலாந்தில் விமானப்படையின் கடலோரக் காவல் பிரிவுக்கு ஒரு விசித்திரமான ஆளை அனுப்பினார்கள். கான்ராட் வாடிங்டன். கருவியல் ஆராய்ச்சி செய்த உயிரியல் விஞ்ஞானி, விமானத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. விமானங்களில் பல எப்போதும் ஷெட்டில் கிடக்கின்றனவே, ஏன் என்று பாருங்கள் என்றார்கள். வாடிங்டன் இன்ஜினைத் திறக்கவில்லை, பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொரு 50 மணி நேரப் பறப்புக்கும் ஒரு முறையான பரிசோதனை உண்டு. எதிர்பாராத கோளாறுகள் அந்த 50 மணிக்குள் எப்போது வருகின்றன என்று கோடு போட்டுப் பார்த்தார். நியாயமாகப் பார்த்தால், பரிசோதனை முடிந்த கையோடு கோளாறு குறைவாகவும் 50 மணி நெருங்க நெருங்க அதிகமாகவும் இருக்க வேண்டும்.

கோடு தலைகீழாக வந்தது. பரிசோதனை முடிந்த உடனே கோளாறு உச்சம். பறக்கப் பறக்கக் குறைந்துகொண்டே போனது. அடுத்த பரிசோதனை முடிந்ததும் மறுபடி உச்சம். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத் தொந்தரவு செய்வதாலேயே பரிசோதனை கோளாறைக் கூட்டுகிறது என்ற முடிவுக்கு வந்தார் அவர். தேவையில்லாத வேலைகளைக் குறைத்து அட்டவணையை மாற்றியதும் விமானங்கள் பறந்த நேரம் வெகுவாகக் கூடியது. போர்க்கால ரகசியம் என்பதால் இந்த ஆய்வு புத்தகமாக வெளிவந்தது 1973இல்தான். உயிரியல்காரர் சொன்னதை 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிய அறிக்கை பயணி விமானங்களிலும் உறுதிசெய்தது. அவர்கள் ஆராய்ந்த பாகங்களில் 68 விழுக்காடு, மாட்டிய புதிதில்தான் அதிகம் பழுதாயின. பழசாகிப் பழசாகிக் கெட்டுப்போனவை 11 விழுக்காடு மட்டுமே.

காரணங்கள் எல்லாம் அற்பமானவை. எரிபொருள் குழாயின் இணைப்பு நட்டை விரலால் திருகிவிட்டு ஸ்பேனர் போட மறந்திருப்பார்கள். காற்று உள்ளே போகும் வாயில் துணி உருண்டை கிடந்திருக்கும். போல்ட் தளராமல் இருக்க மாட்டும் லாக்கிங் வயரை, அது போல்ட்டை இறுக்கும் பக்கம் இழுக்கிற மாதிரி முறுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் முறுக்கினால் பார்வைக்கு அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. ஷிப்ட் மாறும்போது பாதி முடிந்த வேலையை அடுத்தவர் முழுசும் முடிந்ததாக நினைத்திருப்பார். இதற்காகவே நல்ல ஹேங்கர்களில் ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் உருவத்தைக் கறுப்பாக வரைந்து வைத்திருப்பார்கள். சாயங்காலம் பலகையில் ஒரு கறுப்பு உருவம் காலியாகத் தெரிந்தால், அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை விமானம் வெளியே போகாது.

தப்பு ஒருவரிடமிருந்து எல்லா இன்ஜினுக்கும் பரவினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய விமானத்தின் கதை. 1983 மே 5 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் மூன்று இன்ஜின் ட்ரைஸ்டார் 172 பேரோடு மயாமியிலிருந்து நசாவுக்குக் கிளம்பியது. முந்தைய இரவில், எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் காந்தக் கருவிகளை மூன்று இன்ஜினிலும் மாற்றியிருந்தார்கள். அதோடு போட வேண்டிய ரப்பர் ஓ-ரிங் மூன்றிலும் இல்லை. எண்ணெய் முழுவதும் ஒழுகியது. முதலில் ஒரு இன்ஜினை பைலட் அணைத்தார், பிறகு மற்ற இரண்டும் தாமாகவே நின்றன. கடலுக்கு மேல் இன்ஜினே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்த விமானத்தில், முதலில் அணைத்த இன்ஜினை மறுபடி உயிர்ப்பித்து எப்படியோ மயாமியில் இறக்கினார்கள். யாரும் சாகவில்லை. சில ரூபாய் பெறாத ரப்பர் வளையம். ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே விமானத்தின் எல்லா இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு பெருங்கடல் கடக்கும் இரட்டை இன்ஜின் விமானங்களுக்குப் பிறகு வலுவாக வந்தது.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குச் சட்டம் 1934இல் வந்தது. 1937 விமான விதிகளின் 61ஆம் விதி, எந்த மெக்கானிக் என்ன வேலைக்குக் கையெழுத்துப் போடலாம் என்று பிரித்தது. ‘ஏ’ என்றால் விமான உடல், ‘சி’ என்றால் இன்ஜின், முழு ஓவராலிங்குக்கு ‘பி’யும் ‘டி’யும், கருவிகளுக்கும் மின்சாரத்துக்கும் ‘எக்ஸ்’. பழைய இன்ஜினியர்கள் இன்றும் தங்களை ‘ஏ அண்டு சி’ என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் சான்றிதழில் அவர் கையெழுத்து விழாமல் விமானம் நகராது. விபத்து நடந்தால் விசாரணைக்காரர்கள் முதலில் சீல் வைத்து எடுத்துப்போவது அந்தக் கையெழுத்து இருக்கும் பதிவேடுகளை. 1934 சட்டம் 90 ஆண்டு ஓடி, 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டத்துக்கு இடம் விட்டது. கையெழுத்து மட்டும் மாறவில்லை.

இனி, மும்பை.

2018 ஜூன் 28, மழைக்கால மதியம். ஜுஹு விமான நிலையத்திலிருந்து கிங் ஏர் சி90 வகை விமானம் ஒன்று கிளம்பியது. இரட்டை டர்போபிராப் இன்ஜின் கொண்ட சிறு விமானம். ஒரு காலத்தில் உத்தரப் பிரதேச அரசுக்குச் சொந்தமாக இருந்து, பிறகு தனியாருக்கு விற்கப்பட்டு, நெடுநாள் பழுதுபார்ப்பில் கிடந்தது. அன்று நடந்தது அதன் டெஸ்ட் ஃபிளைட். பயணி என்று ஒருவர்கூட இல்லை. இரண்டு பைலட்டுகள், இரண்டு பராமரிப்பு ஊழியர்கள். பழைய ஹேங்கர் வழக்கம் அப்படியே இருந்தது. சரிசெய்த பக்கத்து ஆட்களும் ஏறியிருந்தார்கள்.

ஒரு மணி சுமாருக்கு விமானம் காட்கோபர் மேற்கில், கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் பக்கத்தில் விழுந்து எரிந்தது. நான்கு பேரும் இறந்தார்கள். தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவரும் இறந்தார். கட்டடத் தொழிலாளர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். இல்லையென்றால் எண்ணிக்கை ஐந்தோடு நின்றிருக்காது. விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரித்தது. அடுத்த சில நாட்கள் தொலைக்காட்சிகள் ‘பைலட் வீரமாகத் திருப்பினார்’ என்றும் ‘பழைய விமானம்’ என்றும் மாறி மாறிப் பேசின.

இந்த விபத்தில் இன்ஜினா, வானிலையா, கையா என்ற கேள்வியைவிடப் பெரியது வேறொன்று. நெடுநாள் கிடையில் கிடந்து எழுந்த விமானத்தை, கொட்டும் மழைக்காலத்தில், ஒரு கோடிக்கு மேல் ஜனம் நெருக்கியடித்து வாழும் நகரத்தின் தலைக்கு மேல் ஏன் சோதிக்க வேண்டும்? ஜுஹுவைச் சுற்றி இன்று கடலும் கட்டடமும் தவிர எதுவும் இல்லை. பழுது பார்த்தவர் ஏறினார் சரி. தெருவில் நடந்தவர் எந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்? விமானத்தின் நடத்தையை மாற்றக்கூடிய வேலை ஏதும் நடந்திருந்தால், தகுதியுள்ள பைலட் ஒருவர் பறந்து பார்த்துப் பதிவேட்டில் எழுதும்வரை பயணி யாரையும் ஏற்றக் கூடாது என்கிறது அமெரிக்காவின் 91.407 எண் விதி. இந்த மாதிரி விதிகள் ஏறுபவர்களைக் காக்கின்றன. கீழே இருப்பவர்களைப் பற்றி அவை அவ்வளவு கவலைப்படுவதில்லை. 1910இல் பல்லாவரத்துப் பொட்டலைத் தேடிப் போன ஓட்டல்காரரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டிலும் சிறு விமானங்களின் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. 2025 நவம்பர் 13 அன்று சேலத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் செஸ்னா, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அம்மாசத்திரம் அருகே அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பைக்கை ஓரம் கட்டிவிட்டு ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். சாலை காலியாகக் கிடைத்தது அவர்கள் பாக்கியம்.

புள்ளலூர் இருக்கும் வட்டாரத்திலேயேதான் பரந்தூர் விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் வேலை நடக்கிறது. 2022இலிருந்து ஏகனாபுரம் மக்கள் ஏரியையும் வயலையும் விட மாட்டோம் என்று போராடுகிறார்கள். அந்த வழக்கு இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. ஒன்று மட்டும் சொல்லலாம். விமான நிலையம் வந்தால் வேலை கிடைக்கும் என்று சொல்பவர்கள் எந்த வேலை என்று சொல்ல வேண்டும். டிராலி தள்ளுவதும் கார் பார்க்கிங் டோக்கன் கொடுப்பதும் மட்டும்தானா? ஹேங்கரில் நின்று, லைசன்ஸ் வாங்கி, சான்றிதழில் கையெழுத்துப் போடும் வேலையா? தாம்பரத்தில் விமானப்படையின் மெக்கானிக்கல் பயிற்சி நிலையம் பல்லாண்டுகளாக நடக்கிறது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. இருக்கிறது. இந்த மண்ணுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. நிலம் கொடுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த லைசன்ஸ் படிப்பை இலவசமாகத் தருவோம் என்று அரசு எழுதிக் கொடுக்கட்டும். ஹேங்கர் கட்டும்போது, பழுது பார்த்த விமானங்களை யார் வீட்டுக்கு மேல் சோதிப்பார்கள் என்பதையும் வரைபடத்தில் காட்டட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை ஃபிளையிங் ஸ்கூலில் சேர்க்கப் போகிறவர்களும், விடுமுறையில் சின்ன விமானத்தில் ஜாலி ரைடு போகிறவர்களும் கட்டணத்தை விசாரிக்கும்போது இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த விமானத்தின் இன்ஜினைக் கடைசியாகத் திறந்தது எப்போது? அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது? பதில் பதிவேட்டில் இருக்கும். ‘நேற்றுத்தான் சார் எல்லாம் புதுசாப் பண்ணினோம்’ என்று பெருமையாகச் சொன்னால், அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.